நிலைப்புள்ளி எண் ஒன்று

மயிலாப்பூர் திவான்பகதூர் கோதண்டபாணி கலை அறிவியல் கல்லூரி, நொச்சிக்குப்பம் மிக்கேலுக்குத் தர வேண்டிய கூலி பாக்கி பதினாறாயிரத்து இருநூறு ரூபாய். மண் சுமந்த கூலி இல்லை, கல் உடைத்த கூலி இல்லை. நின்ற கூலி. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் நாளுக்கு அறுநூறு ரூபாய் என்று பேச்சு.

நிற்பதெல்லாம் ஒரு வேலையா என்று நினைப்பவர்கள் பங்குனி வெயிலில் சிமெண்டுத் தரையில் ஒரு பகல் நின்று பார்க்கட்டும். மூட்டை தூக்குகிறவனுக்கு மூட்டையை இறக்கும் நேரம் என்று ஒன்று உண்டு. நிற்கிறவன் எதை இறக்குவான்?

மிக்கேல் கடலுக்குப் போகிறவன். பைபர் படகு சொந்தம். அதன் இன்ஜின் மாசி மாதம் நடுக்கடலில் செத்துப்போய், பக்கத்துப் படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஈக்காட்டுத்தாங்கலில் ஷெட் வைத்திருக்கும் பவுல்சாமி அந்த இன்ஜினைப் பிரித்துச் சேர்த்து உயிர் கொடுத்துவிட்டார். கூலியும் சாமானும் பதினைந்தாயிரம். “காசு வந்தா இன்ஜின் போவும் மிக்கேலு. வரலன்னா இங்கயே கெடக்கும். அதுக்கு நானொண்ணும் சோறு போடப் போறதில்ல” என்று சொல்லிவிட்டார். ஆக, பதினைந்தாயிரம் சேர்ந்தால் மிக்கேலுக்குக் கடல். சேராவிட்டால் தரை.

தரையில் கிடைத்த வேலைகளில் ஒன்றுதான் கோதண்டபாணி கல்லூரியில் ஒரு லோடு மணல் இறக்கியது. இறக்கிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது முற்றத்தில் விழா நடந்துகொண்டிருந்தது. இனி இளநிலைப் படிப்பு எல்லாவற்றிலும் ஜி.ஐ.எஸ். கற்பிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. அதற்கான தொடக்க விழா.

ஜி.ஐ.எஸ். என்றால், எது எங்கே இருக்கிறது, எதற்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் வரைபடமாக அடுக்கிப் பார்த்து, மழைத் தண்ணீர் எந்தத் தெருவில் தேங்கும், ஆம்புலன்ஸ் எந்தத் தெருவில் போனால் சீக்கிரம் சேரும் என்று கண்டுபிடிக்கிற படிப்பு. நல்ல படிப்பு. சென்னைக்கு வேண்டிய படிப்பு. புவியியல் துறையில் சொல்லித்தருவார்கள். ஆனால் கோதண்டபாணி கல்லூரியில் ஆள் சேரவில்லை என்று புவியியல் துறையை மூடி, அந்த அறையில் முதல்வருக்குச் சாப்பாட்டு மேசை போட்டு ஏழெட்டு வருடம் ஆகிறது. ஆகவே புவியியல் தவிர மற்ற எல்லாத் துறைகளிலும் அது கற்பிக்கப்படும் என்று முதல்வர் நந்தகுமார் மைக்கில் அறிவித்தார்.

“இத்தனை வருஷமா நம்ம பிள்ளைங்க என்ன படிக்கிறோம்னு தெரியாமப் படிச்சாங்க” என்றார் முதல்வர். “இனிமே எங்க உட்காந்து படிக்கிறோம்னாவது தெரிஞ்சுக்கிட்டுப் படிப்பாங்க. ஆசிரியர்கள் சிலபேர் எங்கிட்ட வந்து, சார், எங்களுக்கே ஜி.ஐ.எஸ். தெரியாதேன்னாங்க. நான் சொன்னேன், எனக்கும் தெரியாது. தெரியாததைச் சொல்லிக்கொடுக்கிற அனுபவம் இந்தக் கல்லூரிக்கு அறுபது வருஷமா இருக்கு.”

கைதட்டல் அடங்க நேரமானது.

இந்தப் படிப்புக்கு ஒருங்கிணைப்பாளர் ஷ்ரவண். கணினித் துறையில் இருப்பவர்களிலேயே வயது குறைந்தவர். ஒருங்கிணைப்பாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு அவர் காய்ச்சல் என்று வரவில்லை. வராதவர் தலையில் பொறுப்பைக் கட்டுவது அங்கே வழக்கம். காய்ச்சல் விட்டதும் இரண்டு நாள் வீடியோ பார்த்துப் பாடத்தைக் கற்றுக்கொண்டார். எந்த வரைபடத்துக்கும் இடம் சரியாகத் தெரிந்த ஒரு நிலைப்புள்ளி வேண்டும், அதிலிருந்துதான் மற்றதையெல்லாம் அளக்க வேண்டும் என்பது அதில் அவருக்கு நன்றாகப் புரிந்த விஷயம். முற்றத்தின் நடுவில் ஒரு சிமெண்டுத் தூண் நட்டால் போதும். ஆனால் தூண் என்பது கட்டடம். கட்டடம் என்றால் கட்டடக் குழு கூட வேண்டும். குழுவில் இருந்த இருவருக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோய் நாலு வருடமாகக் குழு கூடவில்லை. தினக்கூலிக்கு ஆள் வைக்க மட்டும் ஒருங்கிணைப்பாளர் கையெழுத்தே போதும்.

ஷ்ரவண் சுற்றிலும் பார்த்தார். மணல் குவியல் பக்கத்தில் மிக்கேல் நின்றுகொண்டிருந்தான். நன்றாக நின்றுகொண்டிருந்தான்.

“அண்ணா, ஒரு ஒன் அவர் அங்க நிக்கிறீங்களா?”

“இன்னா வேல சார்?”

“வேலையெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா. நின்னா போதும்.”

“சும்மாவா?”

“சும்மா இல்ல. கரெக்டா.”

தரையில் வெள்ளை பெயிண்டால் கூட்டல் குறி போட்டு, அதன்மேல் அவனை நிறுத்தி, உச்சியில் குமிழ் போல ஒரு கருவி வைத்த கம்பியைக் கையில் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் சாயங்காலம் வரை ஓடியது. “நாளைக்கும் வந்துடுங்கண்ணா. கூலி மொத்தமா போட்டுக் குடுத்துடறோம்” என்றார் ஷ்ரவண்.

விஷயத்தைக் கேட்ட அவன் மனைவி ரோஸி மீன் செதில் ஒட்டிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். “நிக்கறதுக்கா அறுநூறு? நானுந்தான் காலீலேர்ந்து லூப் ரோட்ல மீன் கூடயோட நின்னுக்கினு கீறேன். எனக்கு எவன் குடுக்கறான்?”

“படிச்சவங்க விசயம். நமக்கு இன்னா தெரியும்?”

“மொத்தமா தரேன்னாங்களா?”

“ஆமா.”

“அப்ப நீ தரமாட்டாங்கன்னு சொல்ல வேண்டியதுதான? எதுக்கு அத்தினி வார்த்த சுத்தற?”

ஆனாலும் மறுநாள் அவளே பழைய சோறும் வறுத்த நெத்திலியும் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். பதினைந்தாயிரம் கணக்கு அவளுக்கும் தெரியும்.

துறைகள் ஒவ்வொன்றாக மிக்கேலைத் தேடி வந்தன. தமிழ்த் துறை ஐந்திணைகளையும் வளாகத்துக்குள்ளேயே குறித்துவிட முடிவு செய்தது. தண்ணீர்த் தொட்டி இருக்கும் மொட்டைமாடி குறிஞ்சி. ஆசிரியர்கள் பைக் நிறுத்தும் புல்தரை முல்லை. கேண்டீன் மருதம். பாலை நூலகமா, ஆசிரியர் ஓய்வறையா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு. மிக்கேல் குப்பத்து ஆள் என்பதால் அவன் காலடி நெய்தல். “நெய்தலுக்கு இரங்கல்தான் உரியது. கொஞ்சம் சோகமா நில்லுங்க” என்று கேட்டுக்கொண்டார் பேராசிரியர்.

“கூலி இன்னும் வரல சார். அதுவே நின்னுக்கினு கீது மூஞ்சில” என்றான் மிக்கேல். பேராசிரியருக்குத் திருப்தி.

வணிகவியல் மாணவர்கள் அவனைச் சுற்றி வட்டம் போட்டு, வட்டத்துக்குள் ஒரு ஏ.டி.எம். கூட இல்லாததால் அவன் நிற்கிற இடத்தில் வங்கிக் கிளை திறந்தால் கொழிக்கும் என்று அறிக்கை தந்தார்கள். தி.நகர் துணிக்கடைகளை மிக்கேலிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரிசைப்படுத்திய பெண்ணுக்கு முதல் பரிசு கிடைத்தது. விலங்கியல் துறை அவன் தலையில் காக்கை உட்காருமா என்று காத்திருந்தது. இரண்டு நாள் உட்காரவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்தது. துறைத் தலைவர் அவனுக்குக் கைகொடுத்தார்.

வெளியே போய் அளந்தால் ஆகாதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் பெற்றோர் கையெழுத்து, காவல் நிலையத்துக்குக் கடிதம், முதலுதவிப் பெட்டி, இரண்டு பேராசிரியைகள் எல்லாம் வேண்டும். மிக்கேலுக்கு எதுவும் வேண்டாம். அவன் உள்ளேயே இருந்தான்.

ஒருநாள் காலை அவன் கேண்டீனுக்கு டீ குடிக்கப் போனான். கம்பியைக் கீழே வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கம்பியோடு போனான். கம்பி இருக்கிற இடம்தான் கல்லூரியின் நடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவன் டீயை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் கல்லூரி மேற்கே நகர்ந்துவிட்டது. நூலகம் கோயில் குளத்துக்குள் இறங்கியது. பெண்கள் விடுதி ஆண்கள் கழிப்பறைமேல் போய் உட்கார்ந்தது. அந்த வரைபடத்தை யாரோ அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட, விடுதி வார்டன் அதைக் கிழித்துக்கொண்டு முதல்வர் அறைக்கு ஓடினார்.

“யாரைக் கேட்டு நகர்ந்தீங்க?” என்றார் நந்தகுமார்.

“டீ குடிக்கப் போனேன் சார்.”

“நீங்க டீ குடிச்சிட்டீங்க. விடுதிப் பெற்றோருக்கு யார் பதில் சொல்றது?”

மாலையில் சுற்றறிக்கை வந்தது. டீ புள்ளிக்கு வரும். புள்ளி டீக்குப் போகக் கூடாது. இயற்கை உபாதைக்குப் போகும் நேரத்தில் வாட்ச்மேன் பொறுப்பு நிலைப்புள்ளியாகச் செயல்படுவார். வாட்ச்மேன் மிக்கேலைவிட அரையடி உயரம். கம்பியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் பிடிப்பது அவர் பழக்கம். அவர் பொறுப்பேற்ற ஐந்து நிமிடத்தில் கல்லூரி முழுவதும் அரையடி பள்ளத்தில் போய்விட்டது. இயற்பியல் துறை வெள்ள அபாயம் அறிவித்து, பிற்பகல் வகுப்புகளை ரத்து செய்தது. அதற்குப் பிறகு மிக்கேல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டான்.

மாதம் முடிந்தது. கூலியைப் பற்றி ஷ்ரவணிடம் கேட்டான். ஷ்ரவண் முகம் சுருங்கியது. “பில் அனுப்பிட்டேண்ணா. நீங்க ஜானகி மேடத்தைப் பாத்துடுங்க.”

கணக்கு அலுவலர் ஜானகி கோயில் மாடவீதிக்காரர். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வந்தவரை உட்காரச் சொல்லி, மோர் வேண்டுமா என்று கேட்டு, அதற்குப் பிறகுதான் காசு இல்லை என்பார்.

“பாருங்கோ மிக்கேல், கூலித் தலைப்புல இந்த வருஷத்துக்குப் பணமே இல்லை. ஷ்ரவண் வந்து கெஞ்சிண்டு நின்னார். உபகரணத் தலைப்புல நிறைய இருக்கு. அதனால உங்களை உபகரணமா எழுதிட்டேன். நிலைப்புள்ளி, ஒன்று. விலை பதினாறாயிரத்து இருநூறு.”

“ரொம்ப நல்லதும்மா. எந்தத் தலைப்புன்னா இன்னா, காசு வந்தா சரி. குடுத்துருங்க.”

“யார்ட்ட குடுக்கறது?”

“எங்கிட்டதாம்மா.”

“அதெப்படி? நாற்காலி வாங்கினா நாற்காலிகிட்டயா காசைக் குடுப்பா? வித்தவாளுக்குன்னா குடுக்கணும். உங்களை யார் சப்ளை பண்ணினா?”

மிக்கேல் யோசித்தான். “யாரும் இல்லம்மா. நானேதான் வந்தேன்.”

ஜானகி பேனாவைக் கீழே வைத்தார். “ஐயையோ, அப்படிச் சொல்லிடாதீங்கோ. தானா வந்த சாமான்னா நன்கொடைன்னு எழுதணும். அப்புறம் பாக்கியே கிடையாது. இப்போதைக்கு வித்தவர் யாருன்னு தெரியலைன்னு பாக்கியா வச்சிண்டிருக்கேன். ஆடிட்டர் வருஷா வருஷம் கேட்பார். எனக்கும் அது ராத்தூக்கத்தைக் கெடுக்கத்தான் போறது.”

“சரி, நாளைலேர்ந்து கூலி ஏறுமாம்மா?”

“சொத்துக்கு ஏது தினக்கூலி? இனிமே தேய்மானம்தான்.”

“அப்ப நான் வரல. வூட்லயே இருந்துக்கறேன்.”

“நீங்க வரலைன்னா சொத்து காணாமப் போச்சுன்னு போலீஸ்ல எழுதிக் குடுக்கணும். காணாமப் போன சாமானுக்கு யார் பாக்கி தருவா? சொல்லுங்கோ.”

அதனால் மிக்கேல் வந்தான். பதினாறாயிரத்து இருநூறும் போய்விடக் கூடாதே என்று கூலியில்லாமல் நின்றான். லேப் உதவியாளர் அவன் சட்டை முதுகில் வெள்ளை பெயிண்டால் சொத்து எண் எழுதினார். கல்லூரிச் சொத்தை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால் சாயங்காலம் வீட்டுக்குப் போகவும் கேட் பாஸ் வேண்டியிருந்தது. ‘திரும்பத் தரத்தக்கது’ என்று முத்திரை குத்திய சீட்டில், பெற்றுக்கொண்டேன் என்று தினமும் ரோஸி வந்து கையெழுத்துப் போட வேண்டும். காலையில் ஒப்படைத்துவிட்டு இன்னொரு கையெழுத்து.

“உன்ன கட்டிக்கினப்போ கோயில்ல ஒரு கையெழுத்துதான்யா வாங்கினாங்க” என்றாள் ரோஸி. “சட்டயில இன்னாது எழுதிக்கீறாங்க?”

“நம்பரு.”

“வேற ஏதும் எழுதல? வெல கில போட்ருக்கானுங்களான்னு பாத்தேன்.”

பவுல்சாமி வேறு ஆள் அனுப்பினார். இன்ஜினைக் கேட்டு ஒரு பார்ட்டி வந்திருக்கிறது, இந்த மாதத்துக்குள் காசு வராவிட்டால் கொடுத்துவிடுவேன் என்று. அதைக் கேட்ட அன்று மிக்கேல் கூட்டல் குறியின்மேல் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டான். கிழக்கே கடல் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தான். பஸ் சத்தம்தான் கேட்டது.

இந்த நேரத்தில்தான் தர மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பெரியவர்கள், மூன்று சந்தன மாலை. முதல்வர் முற்றத்தில் அவர்களை நிறுத்தி வைத்துப் பேசினார்.

“எங்க மாணவர்கள் பூமியையே அளந்திருக்காங்க. ஒருத்தர்கூடக் கல்லூரி கேட்டைத் தாண்டல. செலவு பாருங்க, ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கும் நாங்க இன்னும் காசு குடுக்கல. குறைந்த செலவில் நிறைந்த கல்வின்னு நாங்க சொல்றது இதைத்தான்.”

குழுத் தலைவர் முன்வரிசையில் நின்ற மாணவியைக் கூப்பிட்டார். “இங்கேர்ந்து கடல் எந்தப் பக்கம்மா?”

“மிக்கேலண்ணாலேர்ந்து கிழக்கே ஆயிரத்து நூறு மீட்டர் சார்.”

“போய்ப் பாத்திருக்கியா?”

“அது சிலபஸ்ல இல்ல சார்.”

குழுத் தலைவர் நெகிழ்ந்துபோனார். மிக்கேலைச் சுற்றி வந்து பார்த்தார். முதுகு எண்ணைக் குறித்துக்கொண்டார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய மாடல்” என்றார்.

குழு உயர்ந்த தரம் வழங்கியது. கூடவே, வானத்துச் செயற்கைக்கோளோடு தானே பேசிக்கொள்ளும் கருவியை வெளிநாட்டிலிருந்து வாங்க எட்டு லட்ச ரூபாயும் வழங்கியது. அந்தக் கருவி வந்து இறங்கிய அன்றே நிலைப்புள்ளி எண் ஒன்று தேவைக்கு அதிகமான சொத்து ஆகிவிட்டது. தேவைக்கு அதிகமான சொத்தைக் கழித்துக்கட்ட ஒரு குழு உண்டு. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் அதில் இல்லாததால் அது உடனே கூடியது.

லேப் உதவியாளர் மிக்கேலின் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். “வேலை செய்யுது. சத்தம் வருது.” ஓரமாக நின்ற ஷ்ரவண், “ஆள் சார், வீட்டுக்கு அனுப்பிச்சிடலாமே” என்று மெதுவாகச் சொன்னார். “அனுப்பிச்சா கணக்குல குறையுமே ஷ்ரவண். நீங்க ஈடு கட்டறேளா?” என்று ஜானகி கேட்டார். ஷ்ரவண் செருப்பைப் பார்த்துக்கொண்டார். உடைந்த பெஞ்சுகள், ஓடாத மின்விசிறிகள், பழைய கம்ப்யூட்டர்களோடு சேர்த்து ஏலம் என்று முடிவானது.

ஏலத்தன்று முற்றத்தில் பழைய சாமான் வியாபாரிகள் கூட்டம். பவுல்சாமியும் வந்திருந்தார், கல்லூரி ஏலம் எதையும் அவர் விடுவதில்லை, மின்விசிறிக்குள் இருக்கும் செம்புக் கம்பிக்காக. மிக்கேல் தன் கூட்டல் குறிமேலேயே நின்றான். அங்கேயே நிற்கட்டும், சாமான் இருக்கிற இடத்தில் இருக்கிறபடியே விற்கப்படும் என்று விதி. ஜானகி நிபந்தனைகளை உரக்கப் படித்தார். எடுத்தவர் வரி தனியாகக் கட்ட வேண்டும். அந்தந்தச் சாமானுக்கு உண்டான வரவும் பாக்கியும் எடுத்தவரையே சேரும்.

கடைசி வரியில் பவுல்சாமி தலை நிமிர்ந்தது.

“அந்தக் கூலி பாக்கியுங்கூடவாம்மா?” என்றார்.

“விதிப்படி எல்லாம்தான்.”

பவுல்சாமி மிக்கேலை ஒரு சுற்று பார்த்தார். மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. இன்ஜின் காசுக்கு ஆளையே ஷெட்டில் வைத்துக்கொள்ளலாம், பாக்கி வேறு வரும்.

கேட்டோரமாக நின்று நிபந்தனைகளைக் கேட்டுக்கொண்டிருந்த ரோஸி அப்போதுதான் மீன் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தாள். விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்துவிட்டு நேரே வந்திருந்தாள். இருபது வருடமாகத் தினமும் ஏலத்தில் நிற்கிறவள். கூடையை இறக்கிவிட்டுப் புருஷன் பக்கத்தில் போனாள். கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். கையைத் தூக்கி விட்டாள். அது தொப்பென்று விழுந்தது.

“இன்னாம்மா சரக்கு இது? முதுகெல்லாம் கருகிப்போய்க் கீது. காலு ரெண்டும் வீங்கிக்கீது. கண்ணுல களை இல்ல. ஐஸ் வெக்காத மீனு மாதிரி கீது. இத்த எவன் எடுப்பான்?”

“ஏய்” என்றான் மிக்கேல் அடிக்குரலில்.

“வாயத் தொறக்காத. வெல ஏறிடும்.”

வியாபாரிகள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே மின்விசிறிகள் பக்கம் நகர்ந்துபோனார்கள். ரோஸி பவுல்சாமியிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“மாமா, நீ ஏலம் கேக்கப்போறன்னு உம்மூஞ்சி சொல்லுது. கேளு. எடுத்துக்கினு போ. மூணு வேளை சோறு, நெஞ்சு வலின்னா ஆஸ்பத்திரி, அல்லாம் உன் தலையில. எடுத்தவங்களதான் சேருமாம்.”

பவுல்சாமி கன்னத்தைச் சொறிந்தார்.

“இல்லன்னா வாய மூடிக்கினு இரு. நாளைக்கு இன்ஜின குடு. இவுரு கடலுக்குப் போவட்டும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம உன் காசு வஞ்சிரமா உன் வூட்டுக்கு வரும், பதினஞ்சாயிரம் கழியற வரிக்கும்.”

“வஞ்சிரமேவா?”

“வஞ்சிரம் மாட்டலன்னா சங்கரா. கடல்ல நான் சொல்லியா மீனு விழுது?”

“தலைப்பக்கமும் குடுக்கணும்.”

“தலையோடதான் மாமா. சரின்னு சொல்லு.”

பவுல்சாமி கையைக் கட்டிக்கொண்டு, பெஞ்சு அடுக்கியிருந்த பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

“நிலைப்புள்ளி, ஒன்று” என்று ஜானகி கூப்பிட்டார். “தேய்மானம் பதினஞ்சு சதவீதம் போக ஆரம்ப விலை பதிமூவாயிரத்து எழுநூத்து எழுபது. கேட்கிறவா உண்டா?”

“நானு” என்றாள் ரோஸி.

வேறு யாரும் கேட்கவில்லை. ஜானகி மூன்று தரம் சொல்லி மேசையைத் தட்டினார். மிக்கேல் தன் விலையைக் கேட்டுக்கொண்டு நின்றான். சந்தோஷப்படுவதா, குறைச்சல் என்று வருத்தப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“அம்மா, இவருக்கு நீங்க தர வேண்டியது பதினாறாயிரத்து எரநூறு. இப்ப அது என்னுது. அதுல கழிச்சுக்கங்க” என்றாள் ரோஸி.

ஜானகி விதியை ஒருமுறை படித்தார். இன்னொரு முறையும் படித்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. பாக்கியை வாங்கிக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டது. ஆடிட்டர் இனிக் கேட்க மாட்டார். முதல்வர் எழுந்து, கல்லூரி தன் கடனைத் தன் சொத்தைக் கொண்டே அடைத்த வரலாற்றுச் சாதனை இது என்று இரண்டு வார்த்தை பேசினார்.

ஜானகி கணக்கைத் தட்டினார். “விலையைக் கழிச்சா உங்களுக்கு ரெண்டாயிரத்து நானூத்து முப்பது வரணும். ஆனா பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கே. அது ரெண்டாயிரத்து நானூத்து எழுபத்தெட்டு ரூபா அறுபது காசு. ஆக, நீங்கதான் எங்களுக்கு நாப்பத்தெட்டு ரூபா அறுபது காசு தரணும். நாப்பத்தொம்பதா ரவுண்ட் பண்ணிடறேன்.”

“இத்தினி நாளு நின்னதுக்கு நாங்க குடுக்கணுமா?” என்றான் மிக்கேல்.

“நீ பேசாத, நீ சரக்கு” என்று ரோஸி சுருக்குப் பையை அவிழ்த்து ஐம்பது ரூபாய்த் தாளை மேசைமேல் வைத்தாள். தாளில் மீன் வாடை அடித்தது. ஜானகி அதை நுனி விரலால் எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, மேசை இழுப்பறையைத் துழாவினார். தன் கைப்பையைத் துழாவினார். முதல்வரைப் பார்த்தார். முதல்வர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக் கையை விரித்தார்.

“ஒரு ரூபா சில்லறை இல்லையேம்மா. கல்லூரி உங்களுக்கு ஒரு ரூபா பாக்கின்னு எழுதி வச்சிக்கட்டுமா? அப்புறமா வந்து வாங்கிண்டு போங்கோ.”

ரோஸி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். இன்னொரு கையால் மிக்கேலின் மணிக்கட்டைப் பிடித்து, அந்த வெள்ளைக் குறியிலிருந்து ஒரு அடி இழுத்தாள்.

“வேணாந்தாயி. அதுக்கும் ஒருத்தர நிக்க வெச்சிருவீங்க. அத்த தள்ளுபடி பண்ணிருங்க.”

ஜானகி ‘தள்ளுபடி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.